மூன்று மொழி தெரிந்த மரியோட்

கேட்க வந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது மூன்று ராஜாக்கள் காலத்துக் கதை.

வடகடலில் ஒரு குளிர்ந்த தீவு. அதன் தெற்குப் பக்கத்தை இங்கிலாந்து ராஜா ஆண்டார். வடக்குப் பக்கத்தை ஸ்காட்லாந்து ராஜா ஆண்டார். கடலுக்கு அக்கரையில் இருந்தவர் பிரான்ஸ் ராஜா. மூவருடைய அப்பாக்களும் சண்டை போட்டார்கள். அவர்களுடைய அப்பாக்களும் சண்டை போட்டார்கள். எதற்காகத் தொடங்கியது என்று கேட்டால் மூன்று நாட்டிலும் மூன்று பதில் சொல்வார்கள்.

இங்கிலாந்து பெரிய நாடு. ஸ்காட்லாந்து சிறியது. அதனால் ஸ்காட்லாந்து ராஜா பிரான்ஸ் ராஜாவோடு கை கோத்துக்கொண்டார். ஒருவர் மேல் இங்கிலாந்து பாய்ந்தால் மற்றவர் பின்னாலிருந்து பாய வேண்டும் என்பது பேச்சு.

இரண்டு நாட்டுக்கும் எல்லையாக ஓடிய ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு அகலமான கழிமுகம் இருந்தது. கடல் உள்வாங்கும்போது அது வெறும் மணல்வெளி. அக்கரைக்கு நடந்தே போகலாம். கடல் திரும்பி ஏறும்போது ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர். தென்கரையில் ஆங்கிலேயர்களின் கருங்கல் கோட்டை. வடகரையில் ஸ்காட்லாந்துக்காரர்களின் மரக்கோட்டை. அந்த மரக்கோட்டைக்குக் கீழே, கரையோரமாக, ஒரு உப்புக் கொட்டகை இருந்தது.

அந்தக் கொட்டகைதான் மரியோட்டுடையது.

நம் ஊரைப் போலப் பாத்தி கட்டிக் கடல்நீரைக் காயவிட அங்கே வெயில் கிடையாது. பெரிய கொப்பரையில் ஊற்றி, அடியில் தீ மூட்டி, காய்ச்சித்தான் உப்பெடுக்க வேண்டும். மரியோட் இருபது வருடமாக அந்த வேலையைச் செய்தாள். அவள் பிறந்தது தென்கரையில், ஆங்கிலேயக் குடும்பத்தில். சின்ன வயதில் ஒரு கன்னியர் மடத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கிருந்த கன்னியர்கள் பிரான்ஸ் தேசத்தவர்கள். பிறகு கோர்மக் என்ற ஸ்காட்லாந்துக்காரனைக் கட்டிக்கொண்டு வடகரைக்கு வந்தாள். ஆக, பிறந்த இடத்தில் ஒரு மொழி, வேலை செய்த இடத்தில் ஒரு மொழி, வாழ்க்கைப்பட்ட இடத்தில் ஒரு மொழி என்று மூன்றும் அவளுக்கு வாய்த்தன.

கோர்மக் ஒரு சண்டையில் செத்துப்போனான். ஆங்கிலேயர்கள் கரையைக் கொளுத்த வந்த அன்று, கொப்பரையைக் காப்பாற்றப் போனவன் திரும்பவில்லை. அன்றிலிருந்து யாராவது குரலை உயர்த்தினாலே மரியோட் எப்படியாவது சமாதானம் செய்யப் பார்ப்பாள்.

ஒரு கோடையில் பிரான்ஸ் ராஜா முந்நூறு குதிரைவீரர்களைக் கப்பலில் அனுப்பினார். எல்லோரும் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் அணிந்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் ராவுல். அவரோடு அவருடைய தம்பி ஆன்செலும் வந்திருந்தான். ஸ்காட்லாந்துக்காரர்களின் மரக்கோட்டைக்கு டூகல் என்பவர் பிரபு. ராவுலுக்கு டூகலின் மொழி தெரியாது. டூகலுக்கு ராவுலின் மொழி தெரியாது. இருவருக்கும் நடுவில் நின்று பேச ஆள் வேண்டும். நம் பக்கத்தில் அந்த வேலைக்குத் துபாஷி என்று பெயர்.

டூகல் மரியோட்டைக் கூப்பிட்டனுப்பினார்.

முதல் சந்திப்பு கோட்டை முற்றத்தில் நடந்தது. ராவுல் குதிரையிலிருந்து இறங்கினார். சுற்றிலும் பார்த்தார். புகை படிந்த சுவர், சேறான தரை, வாசலில் படுத்திருந்த பன்றி எல்லாவற்றையும் பார்த்தார்.

"இந்த மனிதரிடம் கேள்," என்றார் மரியோட்டிடம். "இது கோட்டையா, தொழுவமா? என் ஆட்கள் எங்கே தூங்குவது? கோதுமை ரொட்டி உண்டா? திராட்சை ரசம் உண்டா? குளிக்க வெந்நீராவது உண்டா?"

மரியோட் டூகலைப் பார்த்தாள். டூகலின் கை எப்போதும் இடுப்புக் கத்தியின் மேல் இருக்கும்.

"பெருமை வாய்ந்த இந்தக் கோட்டையில் தங்கக் கிடைத்ததற்கு நன்றி என்கிறார். ஆட்களுக்கு எங்கே இடம் என்று கேட்கிறார்."

டூகல் மீசைக்குள் சிரித்தார். "மயில் மாதிரி உடுத்திக்கொண்டு வந்திருக்கிறான். இங்கே ஓட்ஸ் கஞ்சிதான். பிடித்தால் குடிக்கட்டும், பிடிக்காவிட்டால் கப்பலேறட்டும். கொல்லையில் கூடாரம் போட்டுக்கொள்ளச் சொல்."

மரியோட் ராவுல் பக்கம் திரும்பினாள்.

"உங்கள் உடையின் அழகைப் பார்த்து வியந்துபோனார். எங்களிடம் இருப்பது எளிய உணவுதான், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். திறந்த வெளியில் கூடாரம் போட்டால் உங்களுக்குக் காற்று நன்றாக வரும் என்கிறார்."

ராவுலின் முகம் மலர்ந்தது. டூகலும் தலையாட்டினார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். மரியோட் கொட்டகைக்குத் திரும்பி நடக்கும்போது, ஒரு சண்டையைத் தன் நாக்கினாலேயே நிறுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்கு இதமாக இருந்தது.

மறுநாள் காலை ஆன்செல் உப்புக் கொட்டகைக்கு வந்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. குளிரில் அவன் விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. "அம்மா, இந்தத் தீயருகே கொஞ்சம் நிற்கலாமா?" என்று கேட்டான். அதன்பிறகு தினமும் வந்தான். கொப்பரையில் உப்பு எப்படித் திரள்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பான். போகும்போது ஸ்காட்லாந்து மொழியில் நன்றி சொல்லப் பழகிக்கொண்டான். அவன் உச்சரிப்பைக் கேட்டு மரியோட்டுக்குச் சிரிப்பு வரும்.

இரண்டாவது சந்திப்பு பத்து நாள் கழித்து நடந்தது. எப்படிப் போர் செய்வது என்பது பேச்சு.

ராவுல் சொன்னார்: "எங்கள் நாட்டில் தூதனை அனுப்பி, நாளைக் குறித்து, வெளியில் நேருக்கு நேர் நின்று சண்டை போடுவோம். ஆனால் இவர் ஆட்கள் மாடு திருடிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்! இவர் தளபதியா, மாட்டுத் திருடனா என்று கேள்."

மரியோட் அதை இப்படிச் சொன்னாள்: "வெளியில் அணிவகுத்து நிற்பது அவர்கள் வழக்கமாம். உங்கள் வழக்கம் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்."

டூகல் சொன்னார்: "வெளியில் வரிசையாக நின்று அம்பு வாங்கிச் சாக அவனுக்கு ஆசையென்றால் நிற்கட்டும். நான் மேலே ஆழமில்லாத துறையில் ஆற்றைக் கடந்து ஆங்கிலேயன் மாடுகளை ஓட்டிவரப் போகிறேன். அவனுக்காக ஒரு நாழிகைகூடக் காத்திருக்க மாட்டேன்."

மரியோட் அதை இப்படிச் சொன்னாள்: "நீங்கள் வெளியில் அணிவகுத்து நில்லுங்கள். அவர் பக்கவாட்டில் வந்து துணை நிற்பார்."

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆங்கிலேயர் நிலத்து வயல்வெளியில் முந்நூறு பிரெஞ்சு வீரர்கள் கொடி பிடித்து நின்றார்கள். மழை பெய்தது. பகல் முழுக்க நின்றார்கள். கருங்கல் கோட்டையிலிருந்து ஒரு ஆள்கூட வெளியே வரவில்லை. டூகலும் வரவில்லை. டூகல் அந்நேரம் இருநூறு மாடுகளை ஆற்றுக்குள் இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ராவுல் கோபத்தோடு திரும்பி வந்தார். "என்னை மழையில் நிறுத்திவிட்டு எங்கே போனான்?" என்று கத்தினார். மரியோட் அவசரமாக முன்னே வந்தாள்.

"உங்கள் படைக்கு இறைச்சி வேண்டும் என்றுதான் போனாராம்," என்றாள். "நீங்கள் முன்னால் நின்றதால்தான் ஆங்கிலேயர்கள் வெளியே வரப் பயந்தார்களாம். பாதி வெற்றி உங்களுடையது என்கிறார்."

ராவுலின் கோபம் இறங்கியது. தன் தோளிலிருந்த சிவப்புப் போர்வையை எடுத்து டூகலுக்கு அனுப்பினார். டூகல் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எதற்கு இது?"

"உங்கள் வீரத்தைப் பார்த்து," என்றாள் மரியோட்.

"அவ்வளவு மோசமானவன் இல்லை போலிருக்கிறது," என்றார் டூகல். "நீயும் கெட்டிக்காரிதான், மரியோட். நீ இல்லாவிட்டால் நாங்கள் எப்போதோ வெட்டிக்கொண்டிருப்போம்."

அதையேதான் ராவுலும் சொன்னார். இரண்டு தலைவர்களின் வாயிலும் ஒரே பாராட்டு. அந்த ஊரில் வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத பாராட்டு அது.

மூன்றாவது சந்திப்பு கோடை முடியும் நேரத்தில் நடந்தது. இந்தத் தடவை இருவரும் உண்மையாகவே ஒத்துப்போனார்கள். கருங்கல் கோட்டையின் கடற்பக்கச் சுவர் ஒரு இடத்தில் சரிந்திருந்தது. கடல் உள்வாங்கும் நேரத்தில் மணல் வழியாகக் கடந்து போய் அந்தப் பக்கமாகத் தாக்க வேண்டும். கொஞ்ச தூரம்தான். ஆனால் நேரம் தவறக் கூடாது.

டூகல் மேசையில் குத்தினார்.

"நன்றாகச் சொல், மரியோட். நாளைக்கு நண்பகலுக்கு முன்னால் மணலைக் கடந்துவிட வேண்டும். அதற்குமேல் இறங்குகிறவன் முட்டாள். தண்ணீர் குதிரையைவிட வேகமாக ஏறி வரும். அந்த இரும்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினால் அதுதான் அவனுக்குச் சவப்பெட்டி. அவன் மண்டையில் மூளை இருக்கிறதா, திராட்சை ரசம்தான் இருக்கிறதா? இதை அப்படியே சொல்."

அப்படியே சொல் என்றுதான் சொன்னார். மரியோட் அந்தச் சொற்களை மனசுக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தாள். முட்டாள், சவப்பெட்டி, மண்டை. ஒன்றைச் சொன்னாலும் ராவுல் எழுந்துவிடுவார். இவ்வளவு நாள் கட்டிக்காத்த ஒற்றுமை சண்டைக்கு முந்தின நாளிலேயே உடைந்துவிடும்.

"காலையிலேயே கிளம்புவது நல்லது என்கிறார்," என்றாள். "கவசம் இல்லாமல் வந்தால் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும் என்கிறார்."

"சௌகரியமா?" ராவுல் சிரித்தார். "நான் வீரன். திருடனைப் போல வெறும் சட்டையோடு எதிரி வீட்டுக்குள் நுழைய மாட்டேன். நாளை எங்கள் புனிதர் ஒருவரின் திருநாள். பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, முறைப்படி வருவேன் என்று சொல்."

"முடிந்தவரை சீக்கிரம் வருகிறேன் என்கிறார்," என்றாள் மரியோட் டூகலிடம்.

மறுநாள் காலையில் கடல் உள்வாங்கியது. டூகலும் அவருடைய ஆட்களும் வெறுங்காலோடு, கவசமில்லாமல் மணலில் இறங்கி ஓடினார்கள். வெகு சீக்கிரம் அக்கரையில் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். மரியோட் கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள். பிரெஞ்சுக்காரர்களைக் காணவில்லை. கோட்டை மேட்டில் அவர்கள் கூடாரமிட்டிருந்த பக்கமிருந்து பூசை மணி கேட்டது. அவள் ஒரு கொப்பரையை இறக்கினாள். மறுபடியும் பார்த்தாள். காணவில்லை. இரண்டாவது கொப்பரையை இறக்கினாள். மேட்டிலிருந்து இப்போது பாட்டும் சிரிப்பும் கேட்டன.

கொப்பரையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினாள்.

ராவுலின் கூடார வாசலில் இருந்த காவல்காரன் தடுத்தான். "தலைவர் சாப்பிடுகிறார்."

"நேரமாகிவிட்டது. கடல் ஏறப்போகிறது."

"காலை நல்லது என்றுதானே உங்கள் பிரபு சொன்னார்? காலை நல்லது என்றால் மத்தியானம் கெட்டதா என்ன?"

அவை அவளுடைய சொற்களேதான். அவள் வாயிலிருந்து போனவை, அவளிடமே திரும்பி வந்தன.

உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் ராவுல் குதிரை ஏறினார். மரியோட் குறுக்கே போய்க் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, போகாதீர்கள். போனால் சாவீர்கள்."

ராவுல் குனிந்து அவளைப் பார்த்தார். "நேற்று சௌகரியம் என்றாய். இன்று சாவு என்கிறாய். உன் பிரபு சொன்னது எது?"

கேட்பவர்களே, அவளுக்குக் கிடைத்த நேரம் அதுதான். 'பிரபு சொன்னது வேறு, நான் உங்களிடம் சொன்னது வேறு' என்று ஒரு வாக்கியம் போதும். அவள் வாயைத் திறந்தாள். சுற்றிலும் முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெட்டிக்காரி என்று அவளைப் புகழ்ந்த மனிதர் குதிரை மேல் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் முதல் தான் மாற்றிச் சொன்னதெல்லாம் அவள் கண்முன் வந்து நின்றது. ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"கடல்..." என்றாள். "ஐயா, கடல்..."

"புரிகிறது," என்றார் ராவுல். "நான் முதலில் சுவர் ஏறிவிடுவேனோ என்று உன் பிரபுவுக்குப் பயம்." கொம்பு ஊதினார்கள். ஆன்செல் அவளைக் கடக்கும்போது கையை உயர்த்தி, அவள் கற்றுக்கொடுத்த மொழியில் நன்றி சொன்னான்.

அவர்கள் மணலின் நடுவை அடைந்தபோது கடல் வந்தது. இரைச்சல் எதுவும் இல்லை. முதலில் மணல் ஈரமானது. பிறகு இளகியது. குதிரைகளின் கால்கள் புதைந்தன. அதன்பின் தண்ணீர். பின்வரிசையில் வந்தவர்கள் திரும்பி ஓடித் தப்பினார்கள். ராவுலின் குதிரை நீந்தி அவரைக் கரை சேர்த்தது. நாற்பத்தொரு பேர் வரவில்லை. ஆன்செல் வரவில்லை.

அக்கரையில் டூகல் காத்துக்கொண்டே இருந்தார். உதவிப் படை வரவில்லை. கோட்டையிலிருந்து ஆங்கிலேயர்கள் வெளியே வந்தார்கள். டூகலின் ஆட்களில் பதினொரு பேர் செத்தார்கள். மிச்சப் பேர் இரவெல்லாம் மறைந்திருந்து, மறுநாள் காலை கடல் உள்வாங்கியபோது தப்பித்து வந்தார்கள்.

அவர்கள் வடகரையில் கால் வைத்தபோது பிரெஞ்சுக்காரர்கள் வாளை உருவிக்கொண்டு நின்றார்கள்.

"துரோகி!" என்றார் ராவுல். "எங்களைக் கடலுக்குள் அனுப்பிக் கொன்றுவிட்டான்."

"துரோகி!" என்றார் டூகல். "எங்களை எதிரி வாசலில் விட்டுவிட்டு விருந்து சாப்பிட்டிருக்கிறான்."

ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. ஆனால் வாள்கள் எல்லோருக்கும் புரிந்தன. அக்கரைக் கோட்டைச் சுவர் மேல் ஆங்கிலேயர்கள் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தக் கரையில் உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். பேசாமல் இருந்தால் இருவரும் வெட்டிக்கொண்டு சாவார்கள். அவள் செய்தது யாருக்கும் தெரியாமலே போகும். ஆன்செலிடம் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன், அவன்தான் அண்ணனிடம் சொல்லவில்லை என்று பழியைப் போட்டால், செத்தவன் வந்து மறுக்கப் போவதில்லை. இரண்டு வழியும் அவளுக்குத் தெரிந்தன. தீயருகே வந்து நின்ற அந்த நீல விரல்களும் தெரிந்தன.

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் ஏறினாள்.

"நான்தான்," என்றாள் பிரெஞ்சு மொழியில். "நான்தான்," என்றாள் ஸ்காட்லாந்து மொழியில். "அவர் சொன்னதை உங்களிடம் நான் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதை அவரிடமும் சொல்லவில்லை. முதல் நாளிலிருந்தே சொல்லவில்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தொழுவம் என்றதைச் சொன்னாள். மயில் என்றதைச் சொன்னாள். மாட்டுத் திருடன், அம்பு வாங்கிச் சாகட்டும், மண்டையில் திராட்சை ரசம், ஒன்றையும் விடவில்லை. நண்பகல், இரும்புச் சட்டை, சவப்பெட்டி. கடைசியில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு தான் வாய் மூடி நின்றதையும் சொன்னாள்.

ராவுலும் டூகலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எச்சரித்தாரா?" என்றார் ராவுல். "சவப்பெட்டி என்றே சொன்னாரா?"

"சொன்னார்."

"பூசை முடிந்துதான் வருவேன் என்றாரா?" என்றார் டூகல்.

"சொன்னார்."

வாள்கள் மெல்லத் தாழ்ந்தன. வெட்டிக்கொள்ள இப்போது காரணம் இல்லை. ராவுல் தன் வாளை மணலில் குத்தி நிறுத்தினார். "இவரிடம் சொல். இந்தப் பெண்ணைத் தூக்கில் போட வேண்டும்."

மரியோட் டூகல் பக்கம் திரும்பினாள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"இந்தப் பெண்ணைத் தூக்கில் போட வேண்டும் என்கிறார்."

"எனக்கும் சம்மதம் என்று சொல்," என்றார் டூகல்.

"தனக்கும் சம்மதம் என்கிறார்," என்றாள் மரியோட் ராவுலிடம்.

இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் கயிற்றோடு வந்தார்கள். ராவுல் கயிற்றைப் பார்த்தார். டூகலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நான் சொன்னதைத்தான் அவரிடம் சொன்னாயா?"

"ஆமாம், ஐயா."

"மன்னித்துவிடு என்று நான் சொன்னதாகச் சொல்லியிருக்கலாமே. யாருக்குத் தெரியும்?"

"நேற்று வரை அப்படித்தான் சொன்னேன், ஐயா."

அப்போது அக்கரையிலிருந்து, சமாதானத்துக்கு அடையாளமாக வெள்ளைத் துணி கட்டிய கோலோடு ஒரு ஆள் மணலில் நடந்து வந்தான். கடல் பிணங்களையெல்லாம் தென்கரையில் ஒதுக்கியிருந்தது. உயிரோடு ஒதுங்கிய ஆறு பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயர் கையில் இருந்தார்கள். பேச வரச்சொல்லி, கோட்டைத் தலைவர் ஆஸ்மண்ட் ஆள் அனுப்பியிருந்தார்.

"தூக்கு எங்கேயும் போய்விடாது," என்றார் டூகல். "முதலில் போய்ப் பேசுவோம்." மரியோட் அதை ராவுலிடம் அப்படியே சொன்னாள்.

அக்கரையில், கோட்டைச் சுவருக்கு வெளியே மூன்று தலைவர்களும் உட்கார்ந்தார்கள். நடுவில் மரியோட் நின்றாள். பக்கத்தில் பாய்த்துணி போட்டு மூடி, பிணங்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள்.

ஆஸ்மண்ட் தொடங்கினார். "இந்த இரண்டு நாய்களிடமும் சொல். என் வாசலில் வந்து..."

"ஐயா," என்றாள் மரியோட். "நீங்கள் சொல்வதை ஒரு சொல் குறையாமல் சொல்வேன். ஒரு சொல் கூட்டவும் மாட்டேன். அவர்கள் இடுப்பிலும் கத்தி இருக்கிறது. இதைத்தான் சொல்ல வேண்டுமா?"

எந்தத் துபாஷியும் ஆஸ்மண்டிடம் அப்படிக் கேட்டதில்லை. நாய்கள் என்றால் நாய்கள் என்றே போய்ச் சேரும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பிணங்களின் பக்கம் பார்த்தார்.

"செத்தவர்களை எடுத்துக்கொள்ளலாம்," என்றார். "எங்கள் பாதிரியார் ஜெபம் சொல்லிவிட்டார் என்று சொல்."

அவள் இரண்டு மொழியிலும் சொன்னாள்.

ராவுல் எழுந்தார். "எங்கள் ராஜா இந்தக் கோட்டையைக் கொளுத்தி..." என்று ஆரம்பித்தார்.

"அப்படியே சொல்லட்டுமா, ஐயா?"

ராவுல் நின்றார். அவர் கைகள் தொங்கிப்போயின. "அதில் என் தம்பி யார் என்று நான் பார்க்க வேண்டும். பார்க்கலாமா என்று கேள்."

அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். ஆஸ்மண்ட் தானே எழுந்து போய்ப் பாய்த்துணியை விலக்கினார்.

டூகலின் முறை வந்தது. "அடுத்த வருடம் இதற்கு இரண்டு மடங்கு மாடு ஓட்டுவேன் என்று..." என்றார். மரியோட் இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை. அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். டூகல் கனைத்துக்கொண்டார். "அந்த ஆறு பேரை விட்டால் பாதி மாட்டைத் திருப்பித் தருகிறேன். அடுத்த அறுவடை வரை இரண்டு பக்கமும் ஆற்றைத் தாண்ட வேண்டாம்."

பொழுது சாயும் முன் பேச்சு முடிந்தது. ஆறு பேரும் விடுபட்டார்கள். பிணங்கள் வடகரைக்கு வந்து அடக்கமாயின. தூக்குப் பேச்சை ராவுல் எடுக்கவில்லை. டூகலும் எடுக்கவில்லை.

குளிர்காலம் வரும் முன் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறினார்கள். ராவுல் கடைசியாக மரியோட்டின் கொட்டகைக்கு வந்தார்.

"என் தம்பியை நீதான் கொன்றாய் என்று இன்னும் நினைக்கிறேன்," என்றார்.

"நானும் அப்படித்தான் நினைக்கிறேன்," என்றாள் மரியோட்.

அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

ராஜாக்களின் சண்டை அதன்பிறகும் ஓயவில்லை. ஆனால் அந்தக் கழிமுகத்தில் எப்போது பேச்சு நடந்தாலும் மூன்று தரப்பாரும் மரியோட்டைத்தான் கூப்பிட்டார்கள். அவள் எல்லோரிடமும் முதலில் ஒன்றையே சொல்வாள்: "நீங்கள் சொல்வதை அப்படியே சொல்வேன். யோசித்துச் சொல்லுங்கள்." எவ்வளவு பெரிய பிரபுவாக இருந்தாலும் அதைக் கேட்டதும் ஒரு தடவை யோசிப்பார். பிறகு, முதலில் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்வார். முன்பு அவள் ஒருத்தியே இரகசியமாகச் செய்துவந்த வேலையை, இப்போது பேசுகிறவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். இருபது வருடத்தில் அந்தக் கரையில் எத்தனையோ பேச்சு நடந்தது. அவள் சொன்ன சொல்லால் ஒரு உயிரும் போகவில்லை.

ஆகவே, பிறர் சொல்லைச் சுமந்து போகிறவர், கேட்பவர் மனம் நோகுமே என்று அதில் எதையும் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி கொண்டு சேர்க்க வேண்டும் என்பதே இந்தக் கதை சொல்லும் நீதி.